யானைக் கட்டில்

நான் தங்கியிருந்த ஹாஸ்டலில் கட்டில்களுக்கு நம்பர் கிடையாது. சூரியன் கட்டில், ரயில் கட்டில், மாமரக் கட்டில், புலிக் கட்டில் என்றுதான் சொல்வோம். எனக்குக் கிடைத்தது யானைக் கட்டில். புதிதாக வருகிற பெண்ணுக்கு எப்போதும் புலிக் கட்டிலைத்தான் தள்ளிவிடுவார்கள், அங்கேதான் மழைக்கு ஒழுகும். நான் வந்த அன்று யானைக் கட்டில்காரி வேலையை விட்டுப் போயிருந்தாள், அதனால் தப்பித்தேன். அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பது அந்த ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் போகிற வழியில் இருக்கும் அந்தக் கட்டடம் ஆரம்பத்தில் நர்சரி ஸ்கூலாக இருந்தது. இத்தனை கம்பெனி வருகிறதே, வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் வந்து குவிந்துவிடும் என்று ஓனர் நினைத்திருக்கிறார். வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகவில்லை. மீதிப் பேர் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். ஸ்கூலை மூடி, குட்டி பெஞ்சுகளை எடைக்குப் போட்டுவிட்டு, இரும்புக் கட்டில்களை இறக்கிப் பெண்கள் ஹாஸ்டல் ஆக்கிவிட்டார். சுவரில் வரைந்திருந்த படத்தை அழிக்கவில்லை. பெயிண்ட் செலவு எதற்கு என்று விட்டிருப்பார்.

அந்தப் படத்தை வரைந்தவர் பெரிய கலைஞர் ஒன்றும் இல்லை. அறையின் நீளச் சுவர் முழுக்க நீல வானம். ஒரு மூலையில் சிரிக்கிற சூரியன், அதற்குக் கீழே மலை, மலையை ஒட்டி ஒரு ரயில். ரயிலுக்கு ஜன்னல் இருக்கிறது, ஒரு ஜன்னலிலும் ஆள் இல்லை. மாமரத்தில் தொங்குகிற மாம்பழம் ஒவ்வொன்றும் யானைத் தலை பெரிசு. புலி என்று வரைந்தது பூனையாகப் பயந்துபோய்ப் பார்க்கிறது. நடுவில் யானை. அதற்கு ஐந்து கால்.

முதல் நாள் நான் கவனிக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து, கட்டிலில் சாய்ந்து, எந்தச் சம்பந்தமும் இல்லாமல் எண்ணிப் பார்த்தேன். தும்பிக்கை தனியாக இருக்கிறது, வாலும் தனியாக இருக்கிறது. கால் ஐந்து. ஹாஸ்டலைப் பெருக்கித் துடைத்து எங்களை மேய்க்கிற ஆயாவிடம் கேட்டேன். அவள் வல்லம் வடகால்காரி. இது ஸ்கூலாக இருந்தபோதும் அவள்தான் ஆயா.

“பெயிண்டரு முன்னாடி ரெண்டு காலு போட்டுட்டு துன்னப் பூட்டான். துன்னுட்டு வந்து எத்தினி போட்டோம்னு மறந்து பூட்ச்சு. நான் சொன்னேன், அஞ்சு கீதுய்யான்னு. கீட்டும் ஆயா, பலமா நிக்கும்னான்.” பிறகு விளக்குமாற்றைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “அந்தப் புள்ளைங்கோ எண்ண கத்துக்கிச்சே இந்த யானைய வெச்சுதான். எல்லாம் அஞ்சு அஞ்சுன்னே சொல்லிகினு கெடந்துச்சுங்கோ.”

அன்றைக்கு ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

நான் சங்கரன்கோயில் பக்கம். வீட்டுக்காரர் கேரளாவில் வேலை பார்க்கிறார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் போன பிறகு போனும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஆனாலும் கேட்கிறவர்களிடம் நானும் கேரளாவில் இருக்கிறார் என்றே சொல்லிக்கொள்வேன். மகளை அவருடைய அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். மதினிக்குக் குழந்தை இல்லை. “நீ போயிட்டு வா, நான் பாத்துக்கிடுதேன்” என்று அவள் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு யார் இருக்கிறார்கள்? மூன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லைனில் நிற்க முடியாது.

எங்கள் கம்பெனியில் காருக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகள் செய்கிறோம். பலகையில் ஒயரைப் படுக்க வைத்து, வளைத்து, டேப் சுற்ற வேண்டும். நாள் முழுக்க டேப்தான். அதில் என்ன ரகசியம் இருக்கிறதோ, யார் அதைப் படம் எடுத்து யாருக்குக் காட்டப்போகிறார்களோ தெரியாது. கேட்டில் செக்யூரிட்டி எங்கள் போனை வாங்கி முன் கேமரா, பின் கேமரா இரண்டின் மேலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். அதை உரித்தால் தடம் விழும், திரும்ப ஒட்டினாலும் காட்டிக்கொடுத்துவிடும். தினமும் உள்ளே போகும்போது பார்ப்பார்கள். உரிந்திருந்தால் போன் கேட்டில் நிற்கும். இன்னொரு தடவை உரிந்திருந்தால் ஆளே கேட்டில் நிற்கவேண்டியதுதான். அப்படி ஒரு திருவண்ணாமலைப் பெண் தன் தம்பி கல்யாணத்துக்கு உரித்து, வேலை போய், அழுதுகொண்டே பெட்டியோடு நின்றதை எல்லோரும் பார்த்தோம். அதற்கப்புறம் ஒருத்தியும் அந்த ஸ்டிக்கரில் நகத்தை வைக்கவில்லை. அறையில் எல்லோருடைய போனும் அப்படித்தான். ஆயாவிடம் இருப்பதோ பட்டன் போன்.

அதனால் வீடியோ காலில் என் மகளை நான் பார்க்கலாம், அவளால் என்னைப் பார்க்க முடியாது. மதினியின் போனில் நான் ஒரு கருப்புக் கட்டம். அதிலிருந்து குரல் மட்டும் வரும்.

“எம்மா, ஏன் கருப்பா இருக்கே?”

நான் கருப்புதான். அவள் கேட்டது அதை இல்லை.

“கரண்டு இல்ல தாயி.”

“எப்பப் பாத்தாலும் கரண்டு இல்லியா?”

“ஆமா. இந்த ஊர்ல கரண்டெல்லாம் கம்பெனிக்குத்தான்.”

அவள் கொஞ்ச நேரம் முகத்தைப் போனுக்குள் நுழைக்கிற மாதிரி கிட்டே வைத்துப் பார்த்தாள். அவளுடைய மூக்கும் ஒரு கண்ணும் மட்டும் எனக்குத் தெரிந்தது. பிறகு கேட்டாள்: “இருட்டுக்குள்ள என்ன இருக்கு?”

அந்த நேரத்தில் எனக்கு எதிரே இருந்தது சுவர்தான். “யானை இருக்கு” என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

அதற்கு முன்னால் நான் ஒரு படத்தைப் படமாகப் பார்த்தது கிடையாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் பீரியடில் மைதானத்தில் புல் பிடுங்கவிடுவார்கள். படம் பார்ப்பது என்றால் தியேட்டரில்தான். இப்போது ஒரு சுவரை வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் கதை சொல்லவேண்டியிருந்தது. ஷிஃப்டில் டேப் சுற்றிக்கொண்டே யோசிப்பேன். இன்றைக்கு யானை ரயிலில் ஏறப்போகிறது, ஜன்னல் சின்னது, எப்படி ஏறும்? கை தானாகச் சுற்றும். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது. “இன்னா தனியா சிரிச்சிகினு கீற?” என்று ஒரு தரம் கேட்டார். “ஒண்ணும் இல்ல சார்” என்றேன். யானையைப் பற்றி அவரிடம் சொன்னால் அதற்கும் ஒரு டார்கெட் போட்டுவிடுவார்.

ரொம்ப அழகாக வரைந்திருந்தால் ஒரு தடவை பார்த்து, நல்லா இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்போம். தப்பும் தவறுமாக இருந்ததால்தான் எங்களுக்கு அதில் இடம் கிடைத்தது. ரயிலில் ஏன் ஆள் இல்லை? எல்லோரும் கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார்கள். புலி எதற்குப் பயப்படுகிறது? அதற்கு நைட் ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். அறையில் இருந்த மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ரயில் கட்டிலில் படுக்கிற தர்மபுரிப் பெண் ஒருத்தி, கல்யாணம் ஆகாதவள், நான் போன் பேசும்போது ரயில் மாதிரியே சத்தம் கொடுப்பாள். மகள் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிக்கிற முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் சிரிப்பதோ ஒரு கருப்புக் கட்டத்தைப் பார்த்து.

ஒருநாள் மதினி போனில் கத்தினாள். “ஏட்டி, என்னத்தச் சொல்லிக் குடுக்க பிள்ளைக்கு? யானைக்கு அஞ்சு காலு வரஞ்சு வச்சிருக்கா. டீச்சரு தப்புப் போட்டுட்டாவ. நாலுதாம்னு சொன்னா, எங்கம்மா யானைக்கு அஞ்சுன்னு சண்டைக்கு நிக்கா.”

எங்கம்மா யானை. அதைக் கேட்ட சந்தோஷத்தை எனக்கு எங்கே போய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு ஆயாவுக்கு, ரயில் கட்டிலுக்கு, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த அதிகப்படிக் காலை வைத்து நாங்கள் விளையாடாத விளையாட்டு இல்லை. எந்தக் கால் சும்மா நிற்கிறது என்று தினமும் கேட்பாள். நான் ஒன்றைச் சொல்வேன். இல்லை, அது நேற்றைய கால் என்பாள். ஒருநாள் நான் ஒன்றும் சொல்வதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

“எம்மா, அது யானை காலு இல்ல. பின்னாடி யாரோ ஒளிஞ்சிருக்காவ.”

“யாரு?”

“குட்டி. அம்மா யானைக்குப் பின்னாடி குட்டி ஒளிஞ்சிருக்கு. ஒரு காலுதான் தெரியுது.”

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். சரிதான். நடுவில் இருக்கிற கால் மற்றதைவிட மெலிசு, கொஞ்சம் பின்வாங்கி நிற்கிறது. இத்தனை நாள் மறதிக்காரப் பெயிண்டரின் தப்பு என்று நாங்கள் எல்லாம் சிரித்த இடத்தில், படத்தைப் பார்க்காத பிள்ளை ஒரு குட்டியை நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் எனக்கு அது தப்பாகத் தெரிந்ததே இல்லை. நான் இங்கே இருக்கிறேன், என் பிள்ளை என் பின்னாலேயே நிற்கிறாள், ஒரு கால் தெரிகிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டு தூங்கினால் தூக்கம் வந்தது.

நினைப்புக்கு என்ன, அது பாட்டுக்கு வளரும். ஆயா வீட்டில் ஷீட் போட்ட அறை ஒன்று காலியாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மகளைக் கூட்டிவந்துவிடலாம், நான் ஷிஃப்டுக்குப் போகும்போது ஆயா பார்த்துக்கொள்வாள், நடக்கிற தூரத்தில் கவர்மெண்ட் பள்ளிக்கூடம் இருக்கிறது. மதினியிடம் சொன்னேன்.

“பரீட்சை லீவுக்குக் கூட்டிட்டு வாரேன்” என்றாள். “பிள்ளை இஷ்டப்பட்டு இருக்கேன்னு சொன்னா விட்டுட்டுப் போறேன். இல்லைன்னா இங்கனயே ஒண்ணாப்புல சேத்துருவேன். பெறவு நீ கேக்கக் கூடாது.”

“சரி மதினி.”

“அழவச்சு, அடம்புடிக்கவச்செல்லாம் நிறுத்தக் கூடாது பாத்துக்கோ.”

“இல்ல மதினி.”

எனக்குப் பயமே இல்லை. என்னிடம் யானை இருந்தது. பிள்ளை வந்து அந்தச் சுவரைப் பார்த்தால் போதும், அப்புறம் கையைப் பிடித்து இழுத்தாலும் போகமாட்டாள் என்று நம்பினேன். மகளும் லீவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் ஆடிட் வந்தது. எங்கள் கம்பெனியிடம் ஒயர் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தொழிலாளிகள் எப்படித் தங்கியிருக்கிறார்கள் என்று பார்க்க வருகிறார்களாம். எங்கள் மேல் அவ்வளவு அக்கறை. அறைக்கு இரண்டு மின்விசிறி, கொசுவலை, சுத்தமான வெள்ளைச் சுவர். சுவர் வெள்ளையாக இருக்கவேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்களாம். ஓனர் பெயிண்ட் டப்பாக்களோடு வந்து இறங்கினார்.

நான் போய் நின்றேன். “அண்ணே, பத்து நாள் கழிச்சு அடிங்கண்ணே. எம் பிள்ளை இந்தப் படத்தைப் பாக்கத்தான் ஊர்லருந்து வருது.”

“இன்னாம்மா வெளாட்றியா? ஆடிட்டுக்கு வர்றவன் யானையப் பாத்தா இன்னா நெனப்பான்? இது ஹாஸ்டலா ஸ்கூலான்னு கேக்க மாட்டான்?”

“இந்த ஒரு சுவத்த மட்டும் விடுங்கண்ணே.”

“உன் பொண்ணுக்கு யானைதான வேணும்? கோயிலுக்குக் கூட்டினு போய் நெஜ யானையே காட்டும்மா.” அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஆயாதான் வழி சொன்னாள். “பீரோவ இஸ்துகினு வந்து யானை மேல சாத்தி வெச்சிரு. வடக்கத்திப் பசங்கதான் அடிக்க வரானுங்கோ. பீரோவ நவுத்தறது அவனுங்க வேல இல்ல. சுத்தி அடிச்சிட்டுப் பூடுவானுங்கோ.”

பீரோ மூன்றடி அகலம். யானை அதைப் போல மூன்று மடங்கு. எதைக் காப்பாற்றுவது என்று அறையில் பெரிய வாக்குவாதம். தும்பிக்கை இருந்தால்தான் யானை என்றே தெரியும் என்றாள் மாமரக் கட்டில். ரயிலின் ஒரு பெட்டியாவது இருக்கட்டும் என்று தர்மபுரிப் பெண் கெஞ்சினாள், அவளுக்கும் அதில் ஏதோ இருந்திருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. பீரோவை இழுத்துப் பார்த்தோம், தள்ளிப் பார்த்தோம், சிரித்தோம்கூட. கடைசியில் என் இஷ்டத்துக்கு விட்டார்கள். நான் நடுப்பகுதியை மூடினேன். குட்டியின் கால் அங்கேதான் இருந்தது.

ஆயா சொன்ன மாதிரியே நடந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தால் அறை ஆஸ்பத்திரியாக இருந்தது. சூரியன் இல்லை, ரயில் இல்லை, பயந்த புலிகூட இல்லை. பெயிண்ட் வாடையில் கண் எரிந்தது. ஒவ்வொருத்தியும் தன் கட்டில் எது என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தோம்.

மகள் வந்த அன்று எனக்கு லீவு கொடுக்கவில்லை. ஆடிட் வாரம், லைனில் ஆள் குறைவு. ஆயாதான் ஒரகடம் ஜங்ஷனில் போய் நின்று மதினியையும் பிள்ளையையும் கூட்டிவந்து தன் வீட்டில் தங்கவைத்தாள். நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தபோது மகள் ஹாஸ்டலில் என் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஆட்டுவதை நிறுத்திவிட்டு மதினியின் சேலையைப் பிடித்தாள்.

“அம்மா வந்துட்டா பாரு” என்றாள் மதினி.

மகள் அவள் காதருகே போய்க் கேட்டாள். மெதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்: “போன்ல பேசுத அம்மாவா?”

மதினி வீட்டுச் சுவரில் இருப்பது என் கல்யாண போட்டோ. கவரிங் நகை, தலை நிறையப் பூ, நிறைய பவுடர். இங்கே வந்து நிற்பது கன்னம் ஒட்டி, கையில் டேப் பிசுபிசுப்போடு நீல யூனிஃபார்ம் போட்ட ஒருத்தி. இந்த இரண்டு வருஷத்தில் ஒரு பொங்கலுக்கு இரண்டு நாள் போய்வந்ததெல்லாம் அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? பிள்ளை மேல் குற்றம் இல்லை. கூச்சம் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே தர்மபுரிப் பெண்ணைக் கூப்பிட்டு பீரோவை நகர்த்தினேன்.

வெள்ளைச் சுவரின் நடுவில் கதவு அளவுக்கு ஒரு நீலத் துண்டு. மேலே கொஞ்சம் வானம், பிறகு சாம்பல் நிற வயிறு, கீழே மூன்று கால். முகம் கிடையாது, தும்பிக்கை கிடையாது, வாலும் கிடையாது. முழுசாக இருந்தபோது குட்டியின் கால் எது என்று எனக்குத் தெரிந்தது. இப்போது பார்த்தால் எனக்கே சந்தேகமாக இருந்தது.

மகள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டாள். “மிச்சம் எங்க?”

“பெயிண்ட் அடிச்சிட்டாவ தாயி.”

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மிச்சம் போன்ல இருக்கு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை என்ன கெட்டிக்காரி என்று ஆயா கன்னத்தைக் கிள்ளினாள். நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் பற்றி என்ன சொல்ல? மதினி பிள்ளையை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். ஆயா வீட்டுக் கோழிகளோடு மகள் நன்றாகவே விளையாடினாள். ஷீட் போட்ட அறையைக் காட்டினேன், அவளுக்குப் பிடித்திருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, என்னைத் தவிர. ஷிஃப்ட் முடிந்து வந்தால் நின்றுகொண்டே தூங்குகிற நிலைமை. மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “யானை என்ன செய்யுது?” என்று கேட்பாள். அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு எனக்குக் கதை வரவில்லை. அவளைப் பார்த்தால் அவளையேதான் பார்க்கத் தோன்றும். சுவரைப் பார்த்தால் வெள்ளையாக இருக்கும். “யானை... புல்லு தின்னுச்சு” என்பேன். “அப்புறம்?” என்பாள். “அப்புறம் தூங்கிட்டு” என்று சொல்லும்போது நானே தூங்கியிருப்பேன். விழித்துப் பார்த்தால் மதினி அவளுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருப்பாள்.

என்னுடைய வார லீவு நாள் வந்தது. ஆடிட் முடிந்து போயிருந்தது. எங்கள் அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம், கீழே சமையல்கட்டைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மறுநாள் அவர்கள் கிளம்பவேண்டும். லீவு என்று பெயர்தான், அன்றைக்கு ராத்திரியிலிருந்தே என்னை நைட் ஷிஃப்டுக்கு மாற்றியிருந்தார்கள், சாயங்காலம் பஸ் வரும். பகல் முழுக்க மகளோடு இருந்தேன். தலை சீவிவிட்டேன், பூ வைத்துவிட்டேன். மற்றவர்கள் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள். மதினி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்கவேண்டியதை அவள் முன்னாலேயே கேட்டுவிடலாம் என்று, மகளை மடியில் உட்காரவைத்துக் கேட்டேன்.

“இங்க அம்மாகூட இருக்கியா தாயி?”

மதினியின் கை நின்றுவிட்டது.

மகள், பஸ்ஸுக்காக நான் ஏற்கெனவே போட்டிருந்த யூனிஃபார்ம் பட்டனைத் திருகிக்கொண்டே யோசித்தாள். அவளுக்கு என்னைப் பிடிக்காமல் இல்லை, இதைச் சொல்லிவிட வேண்டும். “இங்கன இருந்தா அம்மா போன் பண்ண மாட்டாளே” என்றாள்.

“நாந்தான் கூடவே இருப்பேனே.”

“நீ இருப்பே.” அதை ஒத்துக்கொண்டாள். பிறகு, பெரியவர்களுக்கு விஷயத்தைப் புரியவைக்கிற குரலில், “நீ வெளிய போயி போன் பண்ணு” என்றாள்.

“இப்பவா?”

“ஆமா. வீடியோ கால்.”

மதினியின் போனை எடுத்துக்கொண்டு அவள் கட்டிலில் ஏறி, அந்த நீலத் துண்டுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். என்ன பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேதான் போன் போட்டேன்.

அவள் முகம் வந்தது. “எம்மா!” என்று கத்தினாள். வந்த நாள் முதல் ஒரு தடவைகூட என்னைப் பார்த்து அப்படிக் கத்தவில்லை. கண், கன்னம், விழுந்த பல்லின் ஓட்டை எல்லாம் சேர்ந்து சிரித்தது. “எம்மா, யானை என்ன செய்யுது?”

எனக்கு வாய் திறந்துகொண்டது. அத்தனை நாள் வராமல் இருந்ததெல்லாம் வந்தது. யானை பெயிண்ட் டப்பாவைத் தட்டிவிட்டது, ஓனரின் வெள்ளை வேட்டியில் நீலம் கொட்டியது, ஆடிட்டுக்கு வந்தவரை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒரகடம் ஜங்ஷனைச் சுற்றிக் காட்டியது. அவர் இறக்கிவிடு இறக்கிவிடு என்று இங்கிலீஷில் அழுதார். இவ்வளவு நன்றாக நான் என்றைக்குமே சொன்னதில்லை. அவள் சிரிக்கிற சத்தம் போனிலும் கேட்டது, சாத்திய கதவு வழியாகவும் கேட்டது. கதவு வழியாக வந்தது முதலிலும், போனில் வந்தது கொஞ்சம் தாமதமாகவும் வந்தன. நான் இரண்டையும் கேட்டுக்கொண்டு படியில் நின்றேன். கதையை முடிக்க மனசு இல்லாமல் நீட்டிக்கொண்டே போனேன்.

அப்புறம் வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். மகள் கட்டிலிலிருந்து இறங்கி என்னிடம் ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. ரகசியம் சொல்கிற மாதிரி என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“இப்ப எங்கம்மா பேசுனா” என்றாள் என்னிடம்.

மதினி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த முகம் இல்லை அவளுக்கு. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அங்கனயே ஒண்ணாப்புல சேத்துருங்க மதினி” என்றேன். அவள்தான் அழுதாள். நான் பூ வைத்த பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினேன். கேட்டில் செக்யூரிட்டி போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கர் சரியாக இருந்தது, உள்ளே விட்டார்.